லண்டனில் உயில், கொழும்பில் சொத்து: நிறைவேற்றுநர் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கேட்கப்பட்ட விஷயம் சுருக்கமாக இது. முப்பது வருடத்துக்கு மேல் லண்டனில் வாழ்ந்த பெரியம்மா காலமாகிவிட்டார். கணவர் 2004இல் யாழ்ப்பாணத்தில் இறந்தவர், பிள்ளைகள் இல்லை. லண்டனில் ஒரு வீடும் வங்கிச் சேமிப்பும் இருக்கின்றன. வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீடு, கொழும்பு வங்கியொன்றில் நிலையான வைப்பு, யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் கொஞ்சக் காணி. லண்டனில் எழுதிய உயிலில், கொழும்பில் இருக்கும் பெறாமகனை நிறைவேற்றுநராக (உயிலில் உள்ளதைச் செய்து முடிக்கும் பொறுப்பாளராக)ப் போட்டிருக்கிறார். சொத்து மூன்று பெறாமக்களுக்குச் சமமாக: ஒருவர் கொழும்பில், ஒருவர் யாழ்ப்பாணத்தில், ஒருவர் ரொறன்ரோவில். கொழும்பில் இருந்துகொண்டு இதை எப்படி முடிப்பது, முதலில் எந்த நாடு?

முதலில் லண்டன். அங்கே புரோபேற் (உயிலை ஏற்று நீதிமன்றம் நிறைவேற்றுநருக்குத் தரும் அதிகாரப் பத்திரம்) எடுத்து, அதைக் கொழும்பு நீதிமன்றமும் ஏற்று மறுமுத்திரை இடுவித்து, அதன் பிறகே இங்குள்ள சொத்தில் கை வைக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் ஒரு வருடத்தில் முடிகிற காரியம் பல வருடங்கள் இழுபடும். காரணம் எளியது: அசல் உயில் ஒன்றுதான் இருக்கிறது, அதைக் கேட்கிற நாடுகளோ இரண்டு.

அதற்கும் முன்னால், இந்தப் பொறுப்பை ஏற்கிறீர்களா என்று தீர்மானியுங்கள். விருப்பமில்லை என்றால் இப்போதே எழுத்தில் விலகலாம். ஆனால் பெரியம்மாவின் கடனை அடைத்து, வாடகை வாங்கி, பொருளை விற்று என்று எஸ்டேட்டுக்குள் (அவர் விட்டுச்சென்ற சொத்து, கடன் முழுவதற்குள்) இறங்கிவிட்டால் பிறகு விலகுவது மிகக் கடினம். ஈமச்சடங்குச் செலவு கொடுப்பதும் வீட்டைப் பூட்டிப் பாதுகாப்பதும் அந்தக் கணக்கில் வராது. நிறைவேற்றுநர் சொத்துக்குச் சொந்தக்காரர் அல்ல. கடன் கொடுத்தவருக்கும் வரித் திணைக்களத்துக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் உறவுக்காரருக்குப் பங்கு பிரித்துவிட்டால், குறையும் தொகையைத் தன் கையிலிருந்து கட்ட வேண்டியவரும் அவரே.

உடனடியாக நிறுத்த வேண்டிய ஒன்று உண்டு. பெரியம்மா உயிரோடு இருந்தபோது யாருக்காவது அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் செயற்பட அதிகாரம் தரும் பத்திரம்) கொடுத்திருந்தால், அவர் இறந்த கணத்திலேயே அது செல்லாது. வெள்ளவத்தை வீட்டு வாடகையை வாங்கவும் வைப்பைப் புதுப்பிக்கவும் அதைக் காட்டி வந்தவர், "இன்னும் கொஞ்ச நாளைக்கு" என்று தொடர்ந்து கையெழுத்துப் போட்டால் அந்தக் கையெழுத்துகள் ஒவ்வொன்றும் பிறகு வழக்காகும். வங்கி அட்டையில் பணம் எடுப்பதும் அப்படித்தான். எல்லோருக்கும் எழுத்தில் அறிவித்துவிடுங்கள். வாடகைக்கு இருப்பவரிடம், எஸ்டேட் கணக்குத் திறக்கும்வரை வாடகையைத் தனியாக வைத்து ரசீதுடன் கணக்குக் காட்டச் சொல்லுங்கள்.

இனி உயில். அதை யாரும் பிரிக்கவோ, ஸ்டேப்பிள் கம்பியைக் கழற்றவோ, கிளிப் போடவோ கூடாது. கொழும்பிலிருந்து போன உறவினர் ஒருவர் நல்ல பிரதி எடுக்கலாம் என்று மூலைக் கம்பியைக் கழற்றிவிட்டுத் திரும்பக் குத்திவிடுவார். அந்த இரண்டு பழைய ஓட்டைகளைப் பார்த்ததும் இங்கிலாந்துப் புரோபேற் அலுவலகம், இதில் இணைப்பு ஏதாவது இருந்து எடுக்கப்பட்டதா என்று கேட்கும். பிறகு உயில் எந்த நிலையில் இருந்தது, யார் கையில் இருந்தது, ஏன் கம்பி மாறியது என்று சத்தியக் கடதாசி கொடுத்து விளக்க வேண்டும். பிரதி எடுப்பதானால் மடித்துப் பிடித்து எடுங்கள்.

வேறு உயில் இருக்கிறதா என்றும் தேடுங்கள். வெள்ளவத்தை வீடு வாங்கிய காலத்தில் கொழும்பு நொத்தாரிசு (உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்தும் சட்ட அலுவலர்) ஒருவரிடம் இலங்கைச் சொத்துக்கு மட்டும் தனி உயில் எழுதியிருக்கலாம். லண்டன் உயிலின் முதல் வரி பெரும்பாலும் "இதற்கு முந்திய உயில்கள் அனைத்தையும் இரத்துச் செய்கிறேன்" என்றிருக்கும். அந்த ஒரு வரி கொழும்பு உயிலைச் சாகடித்ததா இல்லையா என்பது வாசகத்தைப் பொறுத்தது. வீட்டு உறுதி எழுதிய நொத்தாரிசிடமே முதலில் கேளுங்கள்.

இங்கேதான் பலர் கவனிக்காத பெரிய கேள்வி வருகிறது. அசையும் சொத்துக்கு இறந்தவரின் நிரந்தர வதிவிடச் சட்டம், அசையாச் சொத்துக்கு அது இருக்கும் நாட்டுச் சட்டம் என்பது பொது விதி. இங்கிலாந்தில் உயிலுக்கு இரண்டு சாட்சிகள் போதும். இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி ஒன்றில் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும், இல்லையேல் நொத்தாரிசு இன்றி ஐந்து சாட்சிகள் வேண்டும். ஆகவே இரண்டு சாட்சிகளோடு மட்டும் உள்ள லண்டன் உயில் வெள்ளவத்தை வீட்டுக்கும் கோப்பாய்க் காணிக்கும் செல்லுமா என்று யாராவது எதிர்த்துக் கேட்க இடமிருக்கிறது. செல்லாது என்று ஆனால் அந்த இரண்டும் உயில் இல்லாத சொத்தாகி, பெரியம்மாவின் உயிரோடு இருக்கும் சகோதரர்களுக்கும் இறந்த சகோதரரின் பிள்ளைகளுக்கும் வேறு கணக்கில் போகும். கோப்பாய்க் காணி என்றால் யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமையும் சேரும். காணி சீதனமா, முதுசமா (பரம்பரையாக வந்ததா), தேடிய தேட்டமா (மணவாழ்வில் சம்பாதித்ததா) என்பதைப் பொறுத்து, அவர் உயிலால் கொடுக்கக்கூடிய பங்கே மாறலாம். 2004இல் இறந்த கணவரின் பங்கு யாருக்குப் போனது என்பதையும் பார்த்தாக வேண்டும். இதையெல்லாம் கடைசிக்கு விடாதீர்கள். மரணசாசன (உயில், வாரிசுச் சொத்து) வழக்குகளில் பழக்கமுள்ள சட்டத்தரணியிடம் முதல் வாரமே உயிலின் பிரதியைக் கொடுத்து, அபிப்பிராயத்தை எழுத்தில் வாங்குங்கள். குடும்பத்தில் சண்டை வராத வீட்டிலும் இதைச் செய்யச் சொல்வேன், ஏனென்றால் நாளைக்கு வீட்டை வாங்க வருபவரின் சட்டத்தரணி இதே கேள்வியைக் கேட்பார்.

அடுத்தது பெயர். தமிழருக்கு இதுதான் மிகப் பெரிய முட்டுக்கட்டை. உதாரணத்துக்கு, பிறப்பு அத்தாட்சிப்பத்திரத்தில் செல்லத்துரை மகேஸ்வரி, கலியாணத்துக்குப் பிறகு எடுத்த அடையாள அட்டையில் கந்தசாமி மகேஸ்வரி, பிரித்தானியக் கடவுச்சீட்டில் மகேஸ்வரி கந்தசாமி, வெள்ளவத்தை உறுதியில் திருமதி செ. மகேஸ்வரி, வங்கியில் ஒரு எழுத்து மாறிய ஆங்கில எழுத்துக்கூட்டல் என்று ஐந்து ஆள் போல ஒரே ஆள் இருப்பார். லண்டனில் விண்ணப்பிக்கும்போதே, சொத்து எந்தெந்தப் பெயரில் இருக்கிறதோ அத்தனை பெயரையும் கொடுத்து, "இன்னார், வேறு பெயர் இன்னார்" என்று புரோபேற்றிலேயே வரும்படி கேளுங்கள். விண்ணப்பப் படிவத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. அங்கே ஒரு வரி எழுதாமல் விட்டால், கொழும்பில் வங்கியும் காணிப் பதிவகமும் நீதிமன்றமும் தனித்தனியே சத்தியக் கடதாசி கேட்கும். உறுதிகளையும் வங்கிப் புத்தகத்தையும் முதலில் கையில் எடுத்து வைத்து, எழுத்துக்கு எழுத்துப் பார்த்துப் பட்டியல் போட்ட பிறகே லண்டன் படிவத்தைத் தொடுங்கள்.

லண்டன் பக்கத்தில் புரோபேற்றுக்கு முன் வரி. இலங்கையில் மரண வரி 1985இல் ஒழிக்கப்பட்டுவிட்டது. அதனால் நம்மவர் பலருக்குப் பிரித்தானியாவின் வாரிசுரிமை வரி கொழும்பு வீட்டையும் பிடிக்கும் என்பதே தோன்றுவதில்லை. 2025 ஏப்ரல் 6 முதல் விதி இது: இறப்பதற்கு முந்திய 20 வரி ஆண்டுகளில் 10 ஆண்டுகளாவது பிரித்தானியாவில் வதிந்தவர் என்றால் உலகம் முழுவதும் உள்ள சொத்துக்கு வரி. பெரியம்மா முப்பது வருடம் இருந்தவர், ஆகவே வெள்ளவத்தை வீடு, கோப்பாய்க் காணி, வைப்பு மூன்றும் கணக்கில் வரும். வெளிநாட்டுச் சொத்தை ஐஎச்டி 417 என்ற படிவத்தில் காட்ட வேண்டும். அது ஐஎச்டி 400 என்ற பெரிய படிவத்தோடு போகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பவுண் 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லண்டன் வீடு 440,000 பவுண், சேமிப்பு 40,000. வெள்ளவத்தை வீடு 6 கோடி ரூபாய், அதாவது 150,000 பவுண். வைப்பு 80 லட்சம், 20,000 பவுண். காணி 40 லட்சம், 10,000 பவுண். மொத்தம் 660,000. வரியில்லா வரம்பு 325,000. மிச்சம் 335,000க்கு 40 வீதம் என்றால் 134,000 பவுண் வரி. வீட்டுக்கான கூடுதல் வரம்பு 175,000 இங்கே கிடைக்காது, அது பிள்ளை, பேரப்பிள்ளை வழிக்கு மட்டும்.

ஆனால் பெரியம்மா விதவை. கணவர் பயன்படுத்தாமல் விட்ட வரியில்லா வரம்பை மனைவியின் மரணத்தில் சேர்த்துக் கேட்கலாம். கணவர் இலங்கையிலேயே வாழ்ந்து, பிரித்தானியாவில் எந்தச் சொத்தும் இல்லாமல் இறந்திருந்தாலும் கேட்கலாம். அவர் அந்த வரம்பைத் தொடவே இல்லையாதலால் முழுவதும் மிச்சம். அப்போது வரம்பு 650,000, வரிக்கு உட்படுவது 10,000, வரி 4,000 பவுண். 134,000 எங்கே, 4,000 எங்கே! இதற்கு ஐஎச்டி 402 படிவம், கணவரின் மரண அத்தாட்சிப்பத்திரம், விவாகப் பதிவுச் சான்று, அவர் சொத்து யாருக்குப் போனது என்பதற்கான ஆதாரம் வேண்டும். பெரியம்மா இறந்த மாத முடிவிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கோர வேண்டும். யாழ்ப்பாணத்தில் பதிந்த தமிழ்ப் பத்திரங்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை. 2004இல் இறந்தவரின் பத்திரத்தை இப்போது ஏன் தேடுகிறோம் என்று உறவினர் சலிப்பார்கள். இந்தக் கணக்கைக் காட்டுங்கள், தேடித் தருவார்கள்.

இன்னொரு கழிவும் உண்டு. சொத்து வெளிநாட்டில் இருப்பதால் மட்டுமே ஏற்படும் நிர்வாகச் செலவை, அந்தச் சொத்தின் பெறுமதியில் 5 வீதம் வரை கழிக்கச் சட்டம் இடம் தருகிறது. மேலே உள்ள உதாரணத்தில் இலங்கைச் சொத்து 180,000, ஆகவே உச்சம் 9,000 பவுண். கொழும்புச் சட்டத்தரணி கட்டணம், மறுமுத்திரைச் செலவு, மொழிபெயர்ப்பு எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டு வையுங்கள். செலவைக் காட்டினால்தான் கழிவு.

வரி கட்ட வேண்டிய தவணை, இறந்த மாதத்துக்குப் பின் ஆறாவது மாத முடிவு. மார்ச் மாதம் எந்தத் திகதியில் இறந்திருந்தாலும் செப்டெம்பர் 30. அதன் பிறகு வட்டி ஓடும், 2025 ஏப்ரலிலிருந்து அது இங்கிலாந்து மத்திய வங்கி விகிதத்துக்கு மேல் 4 வீதம். படிவம் கொடுக்க 12 மாதம் இருக்கிறது என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். பணம் கட்டும் தவணையும் படிவத் தவணையும் வேறு வேறு. புரோபேற் இல்லாமல் வங்கி பணம் தராது, வரி கட்டாமல் புரோபேற் கிடைக்காது என்ற முடிச்சை அவிழ்க்க ஐஎச்டி 423 இருக்கிறது. அதைக் கொடுத்தால் பெரியம்மாவின் பிரித்தானிய வங்கிக் கணக்கிலிருந்தே நேரடியாக வரித் திணைக்களத்துக்குப் பணம் போகும். வீட்டின் மேலான வரிப் பங்கைப் பத்து வருடாந்தத் தவணையாகவும் கட்டலாம், வீட்டை விற்றால் மிச்சத்தை ஒரேயடியாகக் கட்ட வேண்டும்.

பெறுமதி பற்றி ஒரு எச்சரிக்கை. இறந்த நாளின் சந்தைப் பெறுமதி, இறந்த நாளின் நாணய மாற்று விகிதம் என்பதே விதி. 2022 மார்ச் ஆரம்பத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாய், மே மாதம் 360 அளவில். இடையில் இறந்தவரின் கணக்கில் ஒரு வாரம் தவறினாலே தொகை பெரிதாக மாறிவிடும். கொழும்பில் தகுதியுள்ள மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் அறிக்கை வாங்கி, அதே அறிக்கையை இரண்டு நாட்டுக்கும் கொடுங்கள். லண்டனுக்கு ஒரு தொகை, கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்கு வேறொரு தொகை என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். பிறகு யாராவது இரண்டையும் ஒப்பிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்களே. மதிப்பீட்டாளர் காணியையும் வீட்டையும் பார்க்கப் போகும்போதே 2017 செப்டெம்பர் 30ஆம் திகதிப் பெறுமதியையும் தனியாக எழுதச் சொல்லுங்கள். அது ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

படிவத்தைத் திணைக்களம் பதிந்து குறியீட்டு இலக்கத்தை அனுப்பியதும் பிஏ1பி என்ற படிவத்தில் புரோபேற்றுக்கு விண்ணப்பிக்கலாம். எஸ்டேட் 5,000 பவுணுக்கு மேல் என்றால் கட்டணம் 300 பவுண். கொழும்பில் இருந்துகொண்டே தபாலில் அனுப்பலாம், அல்லது லண்டனில் ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்து அவர் பெயரில் எடுக்கலாம். என் அபிப்பிராயம், கொழும்பில் மறுமுத்திரை இடுவிக்க வேண்டியிருப்பதால் புரோபேற் உங்கள் சொந்தப் பெயரிலேயே வரட்டும். விண்ணப்பிக்கும்போதே நீதிமன்ற முத்திரையிட்ட மேலதிகப் பிரதிகள் அரை டசினாவது கேளுங்கள். கொழும்புக்கு அனுப்ப, உயிலோடு சேர்ந்த அத்தாட்சிப் பிரதி தனியே வேண்டும்.

லண்டன் வீடு வெறுமையாகக் கிடப்பதைக் காப்புறுதி நிறுவனத்துக்கு உடனே சொல்லுங்கள். பல காப்புறுதிகள் 30 அல்லது 60 நாள் ஆளில்லாத வீட்டுக்குப் பிறகு தண்ணீர்க் குழாய் வெடிப்பைப் பொறுப்பேற்காது. குளிர்காலம் என்றால் தண்ணீரை மூடிவிடச் சொல்லுங்கள். கவுன்சில் வரி (உள்ளூராட்சி வரி), வீடு ஆளில்லாமல் இருக்கும்வரை, புரோபேற் வரும் நாள் மட்டும், அதன் பிறகும் ஆறு மாதம் வரை விலக்கு. கேட்டால்தான் தருவார்கள்.

புரோபேற் வந்ததும் கடன்காரர் வந்து கேட்க, த கசெட் என்ற பிரித்தானிய அரச அறிவித்தல் இதழிலும் உள்ளூர்ப் பத்திரிகையிலும் அறிவித்தல் போட்டு இரண்டு மாதம் பொறுங்கள். உயிலில் தங்களுக்குப் போதியது விடவில்லை என்று தங்கி வாழ்ந்தோர் வழக்குப் போட புரோபேற் திகதியிலிருந்து ஆறு மாதம் உண்டு. அதற்கு முன் லண்டன் பணத்தை முழுதாகப் பிரிக்காதீர்கள். "அண்ணா, எப்ப பங்கு தருவீங்கள்?" என்ற கேள்வி ரொறன்ரோவிலிருந்து வாராவாரம் வரும். அவர்களுக்கு இந்த இரண்டு திகதியையும் முதல் நாளே எழுதி அனுப்பிவிட்டால் பாதிச் சண்டை வராது.

இனிக் கொழும்பு. பிரித்தானிய நீதிமன்றம் கொடுத்த புரோபேற்றை, 1937ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ், கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் மறுமுத்திரை இடுவிக்கலாம். புதுக்கடையில் மனு, சத்தியக் கடதாசி, முத்திரையிட்ட புரோபேற் பிரதி, உயிலின் பிரதி, மரண அத்தாட்சிப்பத்திரம் ஆகியவற்றோடு போக வேண்டும். இலங்கையில் வசிக்கும் கடன்காரருக்குப் பாதுகாப்பாகப் பிணை கேட்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. முத்திரை விழுந்ததும் அது இங்கேயே கொடுத்த புரோபேற் போல் வலுப்பெறும். பிரான்ஸ், ஜெர்மனி, சுவிற்சர்லாந்து போன்ற நாடுகளில் பத்திரம் எடுத்தவர்களுக்கு இந்தக் குறுக்கு வழி இல்லை. அவர்கள் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 38ஆம் அத்தியாயத்தின்படி புதிதாக மரணசாசன வழக்கையே தொடங்க வேண்டும். உயில் கண்டெடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் விண்ணப்பம் போக வேண்டும், பத்திரிகை அறிவித்தல் வரும், எதிர்ப்பு இல்லை என்றால் பத்திரம் கிடைக்கும். பிறகு சொத்து விபரப் பட்டியலும், 12 மாதத்துக்குள் இறுதிக் கணக்கும் நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும்.

பிரித்தானியப் பத்திரங்களை இலங்கையில் காட்டச் சான்றுச் சங்கிலி ஒன்று உண்டு. முதலில் பிரித்தானிய வெளிவிவகார அமைச்சின் சட்டமயமாக்கல் அலுவலகம், பிறகு லண்டனில் இலங்கை உயர்ஸ்தானிகராலயம், கடைசியில் இங்கே வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவு, பத்தரமுல்லை சுஹுருபாயவில். எந்தப் பத்திரத்துக்கு எந்தக் கட்டம் வேண்டும் என்பதைச் சட்டத்தரணியிடம் பட்டியலாக வாங்கி, ஒரே தரத்தில் அனுப்புங்கள். ஒன்றொன்றாக அனுப்பினால்தான் மாதக்கணக்கு. ரொறன்ரோவில் இருப்பவர் உங்களுக்கு அற்றோணித் தத்துவம் தருவதானால், அதை அங்குள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பி, இங்கே பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதிய வேண்டும்.

மறுமுத்திரை கிடைத்ததும் முதல் வேலை, அதைக் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அந்தந்தக் காணிப் பதிவகத்தில் பதிவது. வெளிநாட்டுக்காரர் காணி என்றால் போலி உறுதி எழுதத் துணிபவர் உண்டு. விற்பனை இழுபட்டால் சட்டத்தரணி மூலம் கேவியற் (அந்தக் காணி மேல் வேறு உறுதி பதிய வந்தால் உங்களுக்கு அறிவிக்கக் கோரும் எச்சரிக்கைப் பதிவு) பதிந்து வையுங்கள். கோப்பாய்க்கு ஆள் அனுப்பி எல்லையில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பத்து வருடம் எதிரிடையாக இடையறாது ஆட்சி செய்தவர் 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டத்தின்படி உரித்துக் கோரலாம். அங்கே குடியிருப்பவர் அனுமதியுடன் இருக்கிறார் என்று எழுத்து ஒன்று வாங்கினாலே அந்த வாதம் பலவீனமாகும். பங்குக் காணி என்றால், தேசவழமையின் முன்னுரிமைக் கொள்வனவுச் சட்டம் பங்காளிக்கும் வாரிசுக்கும் முதலில் வாங்கும் உரிமை தருகிறது. வெளியாருக்கு விற்குமுன் அறிவித்தல் கொடுக்காவிட்டால் விற்பனையே ஆட்டம் காணும்.

வங்கியில் நியமனப் பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். வைப்புக்கு யாரையாவது நியமித்திருந்தால் வங்கி அவருக்கே பணம் கொடுக்கும், அது பெரும்பாலும் குடும்பத்துக்கு எதிர்பாராத செய்தியாக இருக்கும். வெள்ளவத்தையில் மாடிமனை நிர்வாகத்தின் பராமரிப்புப் பாக்கி, மாநகரசபை வரி, மின்சாரம், தண்ணீர் நான்கையும் தீர்த்த பற்றுச்சீட்டு இல்லாமல் நொத்தாரிசு உறுதி எழுத மாட்டார்.

ரொறன்ரோக்காரர் இலங்கைப் பிரஜாவுரிமையை விட்டவர் என்றால், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணி உரிமை மாற்றல் கட்டுப்பாட்டுச் சட்டம் கேள்வியாக வரும். அது வெளிநாட்டவருக்குக் காணி மாற்றத்தைத் தடுத்தாலும், உயிலாலோ வாரிசு வழியாலோ நெருங்கிய உறவினருக்குப் போவதை விலக்குகிறது. பெறாமகள் அந்த விலக்கில் வருகிறார் என்பதைச் சட்டத்தரணியிடம் எழுத்தில் உறுதிப்படுத்திக்கொண்டே அவர் பெயருக்கு மாற்றுங்கள். இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவருக்கு இந்தத் தடையே இல்லை.

விற்றால் மூலதன ஆதாய வரி. 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபருக்கு 15 வீதம், அதற்கு முன் 10. 2017 செப்டெம்பர் 30இல் கையில் இருந்த சொத்துக்கு அன்றைய சந்தைப் பெறுமதியே அடிவிலை. இதற்காகவே மேலே அந்தத் திகதி மதிப்பீட்டைக் கேட்கச் சொன்னேன். வாரிசுக்கு இறந்தவரின் அடிவிலைதான் வரும், இறந்த நாளின் விலை வராது. லண்டனில் இறந்த நாள் விலைதான் அடிப்படை என்பதால் இரண்டையும் குழப்புவோர் அதிகம். விற்று ஒரு மாதத்துக்குள் இறைவரித் திணைக்களத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும்.

பணத்தை வெளியே அனுப்புவது 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வரும். வெள்ளவத்தை வீட்டை வாங்கியபோது பெரியம்மா உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாக லண்டனிலிருந்து பணம் கொண்டுவந்திருந்தால், விற்ற பணமும் அதே வழியால் வெளியே போகலாம். ஆகவே அந்தக் காலத்து வங்கிக் கடிதத்தை, உட்பணவரவுச் சான்றைப் பொன்போலத் தேடுங்கள். அது இல்லை என்றால், புலம்பெயர்ந்தவர்களுக்கான மூலதனக் கொடுக்கல் வாங்கல் ரூபாய்க் கணக்கு வழியாக, அந்தந்தக் காலத்து வர்த்தமானி வரம்புக்குள் மட்டும் அனுப்பலாம். உண்டியல் (வங்கிக்கு வெளியே கைமாற்றாகப் பணம் அனுப்பும்) வழி போகாதீர்கள். சட்டவிரோதம் என்பதோடு, நிறைவேற்றுநர் தன் கணக்கில் காட்ட முடியாத பணம் அது.

இத்தனை தொல்லையிலும் பாதியைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. மூன்று பங்கும் சமம் என்றால் ஒவ்வொரு சொத்தையும் மூன்றாக வெட்ட வேண்டியதில்லை. மேலே உள்ள உதாரணத்தில் ஒரு பங்கு 220,000 பவுண். கொழும்பில் இருப்பவர் வெள்ளவத்தை வீட்டை 150,000க்கு எடுத்துக்கொண்டு, மிச்சம் 70,000ஐ லண்டன் பணத்தில் வாங்கலாம். யாழ்ப்பாணத்தில் இருப்பவர் காணியையும் வைப்பையும் 30,000க்கு எடுத்து, 190,000 லண்டனிலிருந்து. ரொறன்ரோக்காரருக்கு முழுப் பங்கும் லண்டனிலிருந்து. இந்த மூன்று லண்டன் தொகையும் சேர்ந்தால் 480,000, அங்குள்ள சொத்துக்குச் சரியாக வரும் (வரியும் செலவும் மூவருக்கும் சமமாகக் குறையும்). இலங்கையில் விற்பனை இல்லை, ஆதாய வரி இல்லை, வெளியே அனுப்பப் பணமும் இல்லை. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வரும் பவுணை, பெறுபவர்கள் தங்கள் தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கில் போட்டு வைக்கலாம். இதற்கு உயில் இடம் தருகிறதா என்று பார்த்து, மதிப்பீட்டு அறிக்கையை மூவருக்கும் காட்டி, பங்கு எடுக்கும் நாளுக்கான பெறுமதியை மூவரும் ஒத்துக்கொண்டு, நொத்தாரிசு முன்னால் எழுத்தில் கையெழுத்திடச் செய்யுங்கள். இறந்த நாள் விலையிலேயே பிரிப்பது என்று வாய்ப்பேச்சில் முடித்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து வெள்ளவத்தையில் விலை ஏறியதும் முகம் திரியும் குடும்பங்கள் கொஞ்சமல்ல.

கடைசியாக, எஸ்டேட் பணத்துக்குத் தனிக் கணக்கு லண்டனில் ஒன்று, கொழும்பில் ஒன்று திறவுங்கள். உங்கள் சொந்தக் கணக்கில் ஒரு ரூபாயும் கலக்க வேண்டாம். பங்கு கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும், இறுதிக் கணக்கைப் பார்த்தேன், ஏற்றுக்கொள்கிறேன் என்ற கையெழுத்தோடு ரசீது வாங்கிய பிறகே பணத்தை விடுங்கள்.